லூப்பில் உருவான 200 மேட்ரிக்ஸும் ஒன்றாகிப்போன அனுபவம்

சூடானதட்டு:
எம்.டெக் ப்ராஜெக்ட். தட்டில் சூடு பரவும் கணக்கு: 20க்கு 20 கட்டமுள்ள தட்டு, நான்கு ஓரமும் 100 டிகிரி, உள்ளே பூஜ்யம். பைத்தானின் நம்பை லைப்ரரியில் 200 படி ஓட்டினேன். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலைகள் இருக்கும் அதே மேட்ரிக்ஸை (எண் அட்டவணையை) இருந்த இடத்திலேயே மாற்றி, லிஸ்டில் அப்பெண்ட் செய்தேன், அதாவது கடைசியில் சேர்த்தேன். எரர் எதுவும் வரவில்லை. கைடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் படியை வரைந்தேன். தட்டு முழுக்கச் சிவப்பு! நடுக்கட்டத்தில் 86.2. கடைசிப் படியிலும் 86.2. "தொடக்கத்திலேயே சூடாகத்தான் இருந்ததாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. லிஸ்டில் 200 இடம் இருந்தது, 200 இடமும் ஒரே மேட்ரிக்ஸைத்தான் காட்டின. அப்பெண்டுக்குள் காப்பி (நகலெடுக்கும் கட்டளை) சேர்த்ததும் சரியானது.

நெளிவடைப்பு:
எனக்குச் சிக்கல் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில். மூன்று மணி நேரம் ஓடி முடிந்து பார்த்தால் கடைசிச் சுற்றின் மேட்ரிக்ஸ் மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரே பெயரில் மேலெழுதப்பட்டுப் போய்விட்டது. முப்பரிமாண அரேயில் அடுக்கலாம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அளவு வேறு. வெவ்வேறு அளவுள்ளவற்றையும் வைக்கும் செல் அரேதான் காப்பாற்றியது, நெளிவு அடைப்புக்குறிக்குள் சுற்று எண், அவ்வளவுதான். ஏ1, ஏ2 என்று பெயர் வைத்துக்கொண்டே போகாதீர்கள். நான் போனேன், அப்புறம் அவற்றை லூப்பில் திரும்ப எடுக்கவே முடியவில்லை.

ராத்திரிரன்:
முதல் பதிவைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் காப்பி போட வேண்டாம். பெருக்கலோ கூட்டலோ செய்து அதே பெயருக்குக் கொடுத்தால் புது மேட்ரிக்ஸ்தான் பிறக்கும், காப்பி வீண். என் பிரச்சினை வேறு: 1000க்கு 1000, 500 சுற்று, 8 ஜிபி லேப்டாப். லிஸ்டின் அப்பெண்ட் அல்ல, நம்பையின் சொந்த அப்பெண்டில் ஒட்டிக்கொண்டே போனேன். 400ஐத் தாண்டியதும் மவுஸ்கூட அசையவில்லை. அது ஒவ்வொரு முறையும் பழையது முழுவதையும் புது இடத்துக்கு நகலெடுக்கிறது. ஒரு மேட்ரிக்ஸ் 8 எம்பி, 400 ஆனால் 3.2 ஜிபி, நகலெடுக்கும் நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. எத்தனை சுற்று என்று முன்பே தெரிந்தால் பூஜ்யங்களால் இடம் ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாக நிரப்புங்கள். தெரியாவிட்டால் லிஸ்டில் சேர்த்து, கடைசியில் ஒரே தடவை ஸ்டாக் செய்யுங்கள் (ஒரே அரேயாக அடுக்குங்கள்), அந்த நேரத்துக்கும் இரு மடங்கு இடம் வேண்டும். அதற்கும் மெமரி போதாவிட்டால் ஒவ்வொரு சுற்றையும் டிஸ்கில் எழுதிவிடுங்கள். அதற்கு முன், 500ம் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். எனக்குத் தேவைப்பட்டது சராசரி மட்டும்.

சூடானதட்டு:
@ராத்திரிரன், எனக்கு எல்லாப் படியும் வேண்டும், அனிமேஷனுக்கு. நான் மாற்றியது இருந்த இடத்திலேயே, அங்கே காப்பி இல்லாமல் முடியாது. கைடிடம் மறுநாள் முதல் படியைத் திரும்பக் காட்டினேன். நடுவில் 0.0.