தினம் 8 கிலோமீட்டர், இரண்டு படி, ஒரு பலகை: எடை குறைந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எது வாங்கலாம்?

ரேழிவீடு

வணக்கம். மந்தைவெளியிலிருந்து தேனாம்பேட்டை ஆபீஸுக்குப் போக 4 கிலோமீட்டர், வர 4, அவ்வளவுதான் என் ஓட்டம். காலையில் மட்டும் நாலாவது படிக்கும் மகளைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவேன். இத்தனை நாள் ஓட்டியது ஸ்கூட்டி பெப் பிளஸ், பதினைந்து வருஷ வண்டி. இனி இதற்குப் பணம் போடாதீர்கள் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

சிக்கல் ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான். எங்களுடையது பழைய வீடு, தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் ரேழி, அதாவது வாசலிலிருந்து வீட்டுக்குள் போகும் நடை. வண்டியைத் தெருவில் விட்டால் காலையில் சைடு மிரர் இருக்காது, மூன்று முறை போயிருக்கிறது. அதனால் ராத்திரி படிமேல் ஒரு 4 அடிப் பலகையைச் சாய்த்துத் தள்ளி ஏற்றுகிறேன். நான் 45 கிலோ. பலகையின் நடுவில் வந்ததும் வண்டி ஒரு நொடி என்னையே திருப்பித் தள்ளும், அப்போது பிரேக்கைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஒரு தம் கட்ட வேண்டும். போன மழைக்காலத்தில் பலகை வழுக்கி முழங்காலில் நல்ல அடி.

ஒரு கடையில் லைசன்ஸ், பதிவு எதுவும் வேண்டாத 25 கிலோமீட்டர் வேக வண்டியைக் காட்டினார்கள், எடை 58 கிலோதானாம். கேட்டதும் ஆசையாகிவிட்டது. வாங்கலாமா? லைசன்ஸ் என்னிடம் இருக்கிறது, அதனால் பதிவெண் உள்ள வண்டி என்றாலும் சரிதான். ஒரு லட்சத்தை ஒட்டிப் போகலாம்.

பீளமேடு பாலு

அந்த 58 பேட்டரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டீர்களா? எனக்கும் இப்படித்தான் ஒரு எண்ணைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே லெட் ஆசிட் பேட்டரி ஐந்து, ஒவ்வொன்றும் 7 கிலோ. 35 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள், உங்கள் பழைய பெப்பும் அதுவும் ஒன்றுதான்.

அந்த வண்டி முதல் ஆறு மாதம் சொன்னபடி ஓடியது. ஒரு வருஷம் தாண்டியதும் பீளமேட்டிலிருந்து காந்திபுரம் போய்த் திரும்புவதற்குள் முள் சிவப்புக்கு இறங்கிவிடும், வீட்டுக்கு முந்தைய ஏற்றத்தில் நான் இறங்கி நடப்பேன், வண்டி கூடவே வரும். புது செட் போடலாம் என்று போனால் கடையே இல்லை, அங்கே இப்போது சலூன். அதனால் எதை வாங்கினாலும் லித்தியம் மட்டும் வாங்குங்கள். அதே திறனுக்கு 11, 12 கிலோதான் வரும், ஆயுளும் பல மடங்கு.

இன்னொன்று. சில கடைகளில், 'ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 40 போகும் மேடம்' என்பார்கள். சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25க்குள்ளும் இருந்து, சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால்தான் பதிவும் லைசன்ஸும் தேவையில்லை. ஒயரைக் கழற்றினால் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. யார்மீதாவது இடித்துவிட்டால் மொத்தமும் நம் தலையில்.

காயில் கட்டுபவன்

மோட்டார் ரீவைண்டிங்தான் என் தொழில், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் 250 வாட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள், மகள், வண்டி எல்லாம் சேர்ந்து 165 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏறும் மேம்பாலத்தில் 14 கிலோமீட்டர் வேகத்தில் போகவே 250 வாட் செலவாகிவிடும். டயர் உராய்வு, எதிர்க்காற்றெல்லாம் இதில் சேரவில்லை. ஏறாமல் நின்றுவிடாது, ஆனால் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வரும். சமதளத்திலும் 25க்கு மேல் போகாது என்பதால் பெரிய சாலையில் இடது ஓரத்தில் குழியோடும் மெட்ரோ தடுப்போடும்தான் குடித்தனம். தெருவுக்குள் காய்கறி வாங்கிவர அருமையான வண்டி, குழந்தையை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் நேரத்தில் போக நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது உங்கள் பலகை. இரண்டு படியும் சேர்ந்து உயரம் எவ்வளவு? 15 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். 4 அடி என்றால் 48 அங்குலம். 15ஐ 48ஆல் வகுத்தால் 0.31. பெப் பிளஸ் 93 கிலோ, அதை இந்த 0.31ஆல் பெருக்கினால் 29, அதாவது தினம் ராத்திரி நீங்கள் 29 கிலோ கனத்தைத் தள்ளி நிறுத்துகிறீர்கள். உங்கள் எடையில் பாதிக்கு மேல். 15 கிலோ குறைவான வண்டி வாங்கினால் இது 24 ஆகும், அவ்வளவுதான். அதே 93 கிலோ வண்டிக்கு 8 அடிப் பலகை போட்டால் பதினான்கரை.

வண்டியை மாற்றுவதற்கு முன்னால் பலகையை மாற்றுங்கள் அம்மா. மேலே ரப்பர் மேட் ஒட்டி, படியில் உட்காரும் நுனியில் நழுவாமல் ஒரு கொக்கியும் வைக்கச் சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு

குமாருக்கு (அவர் பெயர் அதில்லை, எங்கள் ஊரில் ரீவைண்டிங் கடைக்காரர் எல்லோரும் குமார்தான்) ஒரு சபாஷ். இதில் நானும் ஒன்று சேர்க்கிறேன். நான் ஓட்டுவது டிவிஎஸ்ஸின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஐக்யூப், 115 கிலோவை ஒட்டி வரும், கேள்விக்கு நேர் எதிரான வண்டி. ஆனால் அதில் பார்க் அசிஸ்ட் இருக்கிறது. பட்டனை அழுத்தி ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருப்பினால் நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும் தானே நகரும், நாம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டால் போதும். சரிவான பேஸ்மென்ட் பார்க்கிங்கில் என் மனைவி அதை வைத்துத்தான் வண்டியை எடுக்கிறார். ஆகவே எடையை மட்டும் பார்த்துக் கழிக்காதீர்கள்.

எடைதான் முக்கியம் என்றால் ஹோண்டா க்யூசி1 89.5 கிலோ, வேகம் 50 வரை போகும், பேட்டரியில் 1.5 யூனிட் கரண்ட் பிடிக்கும். ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது, நான் 55 என்று வைத்துத் திட்டம் போடுவேன், உங்களுக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டாலே தாராளம். பேட்டரியைக் கழற்ற முடியாது. உங்களுக்கு வண்டியே வீட்டுக்குள் வந்துவிடுவதால் அது ஒரு குறை இல்லை.

மாடிப்படி

எல்லோரும் எடையையே பேசுகிறீர்கள், வண்டி நிற்கப்போகும் இடத்தை யாரும் பார்க்கவில்லை. ரேழி என்றால் தெருவுக்கு வர ஒரே வழி, இல்லையா? அங்கே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே தூங்கப்போகிறீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் இப்படிச் சில நடந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 பேட்டரித் தரத்தைக் கடுமையாக்கினார்கள். பதிவெண் உள்ள புது வண்டிகள் அதில் தேறித்தான் வருகின்றன. பதிவில்லாத வண்டி விற்பவரிடம் பேட்டரிக்கு என்ன சான்று என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பயமுறுத்தவில்லை, நானும் இதேபோல் வீட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன். விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ், வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் அரைமணி விடுவேன். ரேழியில் நல்ல எர்த் உள்ள பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், பழைய வீட்டு ஒயரிங்கை நம்பக் கூடாது. கரண்ட் பில் ஒரு பொருட்டே இல்லை, உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 15 யூனிட் தாண்டினால் அதிகம். ஏற்கெனவே 500ஐ ஒட்டி வருகிற வீடு என்றால் மட்டும் பாருங்கள், அதைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும்.

ரேழிவீடு

எல்லோருக்கும் நன்றி. 58 கிலோ கடைக்குப் போன் செய்தேன். பேட்டரி சேர்த்து எவ்வளவு என்றதும் 'அது தனி மேடம்' என்று சொல்லி, லைனில் இருங்கள் என்றவர் திரும்பி வரவே இல்லை.

இன்று காலை டேப் வைத்துப் படியை அளந்தேன், 16 அங்குலம். 8 அடிப் பலகையைப் போட்டால் எங்கள் தெருவில் பாதி வரை நீளும், எதிர்வீட்டுத் தாத்தா ஆட்டோ வர முடியாது என்று கத்துவார். 6 அடிதான் முடியும். கணக்குப் போட்டேன், 20 கிலோவுக்குப் பக்கம் வருகிறது. நேற்று ராத்திரி பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு நீளப் பலகையைக் கேட்டு வாங்கிப் பழைய பெப்பையே ஏற்றிப் பார்த்தேன். நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் ரேழிக்குள் போய், சுவரில் இருந்த மகளின் சைக்கிளை இடித்துவிட்டேன்.

க்யூசி1, ஐக்யூப் இரண்டையும் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். ஐக்யூப் கைக்கு மீறும் போலத்தான் தோன்றுகிறது, இருந்தாலும் பார்க் அசிஸ்ட் பலகையில் ஏறுமா என்று பார்க்க வேண்டும். ஷோரூமில் பலகையோடு போய் நின்றால் என்ன நினைப்பார்கள்?

காயில் கட்டுபவன்

எடுத்துக்கொண்டே போங்கள். இறக்கியும் பாருங்கள், ஏற்றுவதைவிட அதுதான் கஷ்டம். பின்சக்கரம் முதலில் இறங்கும்படி, இரண்டு பிரேக்கிலும் விரல் இருக்கட்டும்.