நாய் வாய் என்றால் நாறத்தானே செய்யும் என்று இருந்தோம்

மணி வீடு, மதுரை:
எங்கள் மணிக்கு ஒன்பது வயது, நாட்டு நாய். போன ஆடியில் ஒருநாள் காலை பார்த்தால் இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்று அம்மா மஞ்சள் பத்துப் போட்டார். இரண்டு நாளில் வற்றிவிட்டது, நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வீங்கி, உடைந்து சீழ் வந்தது.

டாக்டர் கண் பக்கமே போகவில்லை, நேராக உதட்டைத் தூக்கினார். மேல்தாடையில் பின்னால், கறியைக் கிழிக்கிற பெரிய பல் ஒன்று இருக்கிறதே, அதன் வேர் கண்ணுக்குக் கீழே வரை போகிறதாம். பல்லே தெரியாத அளவுக்குப் பழுப்பாகக் காறை ஏறியிருந்தது. இடுக்கியால் ஒரு நெம்பு நெம்பினார், பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்கிற மாதிரி ஒரு சில்லு கையோடு வந்தது, அடியில் ஈறு வற்றி வேர் தெரிந்தது. அந்த நாற்றத்தை இங்கே எழுத முடியாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்து எல்லாம் முடிந்து, மூன்று வேர் உள்ள பல் என்பதால் மூன்று துண்டாக அறுத்து எடுத்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வருடமாகவே அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து வலது பக்கமாகத்தான் மெல்லுவான், சோறு பாதி கீழே சிந்தும். அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரித்திருக்கிறோம். சாப்பாட்டை மட்டும் ஒரு வேளை விட்டதில்லை, அதனால் வலி என்றே தோன்றவில்லை. இங்கே யாராவது நிஜமாகவே நாய்க்குப் பல் தேய்த்துவிடுகிறீர்களா?

இரண்டு பொமரேனியன், திருப்பூர்:
எங்கள் சின்னவளுக்கு ஏழு மாதம் ஆகியும் மேல் கோரைப்பல் இரண்டிரண்டாக நின்றது. பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்திருக்கிறது. குட்டிக்குப் பால்பல் 28, அதெல்லாம் விழுந்து ஆறேழு மாதத்துக்குள் 42 பல் வந்துவிட வேண்டுமாம். சின்ன ஜாதி நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இரண்டு பல்லுக்கும் நடுவே முடியும் சோறும் சிக்கி அந்த வயதிலேயே ஈறு சிவந்துபோனது. கருத்தடைக்கு மயக்கம் கொடுத்தபோதே அதையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லிவிட்டோம், இரண்டு தடவை மயக்கம் எதற்கு?

பேஸ்ட் வாங்கி ஏமாந்தவன்:
நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டு பேஸ்ட்டையே வைத்துத் தேய்த்தேன். நாய்க்குத் துப்பத் தெரியாது, முழுங்கிவிட்டு ராத்திரி முழுக்க நுரையாக வாந்தி. நம் பேஸ்ட்டில் இருக்கிற ஃபுளோரைடு அதன் வயிற்றுக்கு ஆகாது. சிலவற்றில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்க்கிறார்கள், அது நாய்க்கு விஷம், சர்க்கரை சட்டென்று இறங்கி உயிரே போகலாம். கோழி ருசியில் நாய்க்கென்றே பேஸ்ட் விற்கிறார்கள், இல்லையென்றால் பிரஷ்ஷை வெறும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலும் போதும்.

கன்னி நாய் வளர்ப்பவள், கோவில்பட்டி:
மணி வீட்டுக்காரருக்கு: ஆமாம், நான் தேய்க்கிறேன், நாலு வருடமாக. முதல் வாரம் பிரஷ்ஷை அவள் கண்ணிலேயே காட்டவில்லை. கோழி வேகவைத்த தண்ணீரில் (உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல்) விரலை நனைத்து உதட்டுக்குள் விட்டு ஒரு தடவு, அவ்வளவுதான். அடுத்த வாரம் விரலில் காஸ் துணி. ரப்பர் விரல் பிரஷ்ஷும் வாங்கினேன், மூன்றே நாளில் கடித்துத் தின்னப் பார்த்தாள். இப்போது சின்னக் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ்.

வாயைத் திறக்கவே வேண்டாம், அங்கேதான் நிறையப் பேர் சண்டை போட்டுத் தோற்கிறார்கள். வாய் மூடியிருக்கும்போதே உதட்டை மட்டும் தூக்கி, வெளிப்பக்கத்தை ஈறு ஓரமாகச் சாய்த்துத் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை ஓரளவுக்கு நாக்கே பார்த்துக்கொள்ளும். மேல் கடைவாய்ப் பல்லை விட்டுவிடாதீர்கள், எச்சில் சுரந்து வருகிற துளை அதன் பக்கத்தில்தான், காறை முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். பல்லில் படிகிற வழவழப்பு இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிவிடும், அதற்கப்புறம் எந்த பிரஷ்ஷாலும் போகாது. வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பது நம் மனசுக்குத்தான்.

பழைய ஆள், ராமநாதபுரம்:
எங்கள் தாத்தா வேட்டைக்கு வைத்திருந்த நாய்க்கு யார் பல் விளக்கினார்கள்? எலும்பைப் போடுங்கள், தானாகச் சுத்தமாகும்.

லாப்ரடார் அப்பா, சேலம்:
ஐயா, நானும் அதை நம்பித்தான் மாட்டுக் கால் எலும்பு வாங்கிப் போட்டேன். மேல் பெரிய பல் பக்கவாட்டில் பலகை மாதிரி பிளந்து தொங்கியது, உள்ளே ரோஜா நிறத்தில் சதை. தாத்தா காலத்து நாய் எத்தனை வயது வரை இருந்தது, கடைசியில் எதை மென்றது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிகிற பொருளைத்தான் இப்போது மெல்லக் கொடுக்கிறேன். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், ஊசி ஊசியாக உடையும்.

மணி வீடு, மதுரை:
எல்லாருக்கும் நன்றி. முடி வெட்டுகிற கடை ஒன்றில் மயக்கமே இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்றார்கள். டாக்டரிடம் கேட்டால், மேலே வெள்ளையாகும், நோய் இருப்பது ஈறுக்கு அடியில், முழித்திருக்கிற நாயிடம் அங்கே கருவியைக் கொண்டுபோக முடியுமா என்று திருப்பிக் கேட்டார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோழித் தண்ணீர் வேலை செய்கிறது அக்கா. வலது பக்கம் பத்து எண்ணும் வரை நிற்கிறான். பல் எடுத்த பக்கம் கை போனால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், நானும் வற்புறுத்துவதில்லை. இன்று காலை பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டே வாசலுக்கு ஓடிவிட்டான்.