கழிக்கும் மாதம், தொடக்கூடாத மீன்: இதெல்லாம் கணக்கா, நம்பிக்கையா?

வேலியோரம்:
வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. ஆடு மாடு வளர்க்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் என்று எந்த நாட்டுக் கிராமத்து ஆட்களை எடுத்துக்கொண்டாலும் 'இந்த மாதம் தொடாதே', 'சினையைக் கொல்லாதே', 'முதல் மீனை விற்காதே' என்று ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒருவர் அதெல்லாம் முன்னோரின் அறிவியல் என்கிறார். இன்னொருவர் வெறும் சாமி பயம்தான், காரணத்தை நாம் பின்னால் ஒட்டவைக்கிறோம் என்கிறார். எனக்கு இரண்டுமே முழுசாக ஒப்பவில்லை. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்று: நானும் நாலைந்து ஆடு வைத்திருக்கிறேன், கறிக்கு எதைக் கழிப்பது என்பதற்குப் பழைய முறை ஏதாவது உண்டா?

கிடைக்காரர்:
ஆட்டு விஷயத்தில் சாமிக்கு முன்னால் தீவனம் வந்து நிற்கும். குளிர் நாடுகளில் பனி விழுந்துவிட்டால் மாசக்கணக்கில் மேய்ச்சல் கிடையாது, கையில் எவ்வளவு வைக்கோல் இருக்கிறதோ அத்தனை தலைதான் தாங்கும், அதற்கு மேல் வைத்திருந்தால் எல்லாமே சேர்ந்து மெலியும். அதனால் கோடை முழுக்க மேய்ந்து கொழுத்ததும் குளிர் தொடங்குகிற நேரத்தில் கழித்துவிடுவார்கள். மங்கோலியாவில் நவம்பர், டிசம்பரில் குளிர்காலம் முழுமைக்குமான கறிக்கு மொத்தமாக அறுப்பது இந்தக் கணக்கில்தான். கொழுப்பு நன்றாக ஏறியிருக்கும், வெளியே தொங்கவிட்டாலே கறி உறைந்துவிடும், ஈத்தொல்லை கிடையாது. ஸ்பெயினில் பன்றி அறுப்பை நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி ஆரம்பிப்பார்கள். நாளைக் கொடுத்தது திருச்சபைதான், ஆனால் அந்தத் திருநாள் ஜூலையில் வந்திருந்தால் ஒருத்தரும் கத்தியை எடுத்திருக்க மாட்டார்கள்.

எதைக் கழிப்பது என்று கேட்டீர்கள். பெட்டையை வை, கிடாயைக் கழி, அவ்வளவுதான். இருபத்தைந்து முப்பது பெட்டைக்கு ஒரு கிடாய் போதும், ஆனால் பிறக்கிற குட்டியில் ஏறக்குறைய பாதி கிடாயாகத்தான் இருக்கும். முழு வளர்த்தி எட்டிய பிறகு அது தின்கிற தீவனத்துக்கு ஈடாக எடை ஏறாது. பெட்டையை ஈற்று நிற்கிறவரை வைத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு பழைய முறை தெரியுமா? ஈரானில் சாக்ரோஸ் மலையில் கஞ்ச் தாரே என்று ஓர் இடம். அங்கே கிடைத்த சுமார் 10,000 ஆண்டுப் பழைய ஆட்டு எலும்புகளைப் பார்த்தால் கிடாய்கள் இளசிலேயே போயிருக்கின்றன, பெட்டைகள் வயதாகும்வரை இருந்திருக்கின்றன. வேட்டைக்காரன் என்றால் நல்ல வளர்ந்த கிடாயாகப் பார்த்துத்தான் அடிப்பான், இங்கே தலைகீழ். அங்கே ஆட்டை வளர்த்திருக்கிறார்கள் என்று தொல்லியல்காரர்கள் முடிவுக்கு வந்ததற்கு இதுதான் முக்கியமான சான்று.

தூண்டில்முள்:
மீனில் கதை வேறு. ஆட்டை எண்ணலாம், தண்ணீருக்குள் இருப்பதை எண்ண முடியாது. அதனால் மீன்பிடிக்கிற சமூகங்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். வட அமெரிக்காவின் வடமேற்கு பசிபிக் கரையில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறத் தொடங்கும்போது முதல் மீனுக்குச் சடங்கு செய்து, ஊரோடு பங்கிட்டுத் தின்று, எலும்பைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற வழக்கம் பல பழங்குடிகளிடம் உண்டு. பல இடங்களில் அந்தச் சடங்கு முடிகிறவரை வேறு யாரும் வலை போடக்கூடாது. அந்தச் சில நாட்களில் முன்னால் வந்த கூட்டம் தடையில்லாமல் மேலே போய் முட்டையிட்டுவிடும். நோக்கம் அதுதானா என்றால், அவர்கள் மீனுக்கு மரியாதை என்றுதான் சொல்வார்கள். பலன் என்னவோ கிடைத்துவிடுகிறது.

நியூசிலாந்து மாவோரிகளிடம் ராஹூயி என்று ஒன்று இருக்கிறது. ஒரு கடற்கரைத் துண்டையோ ஆற்றுத் துண்டையோ சில காலம் மூடிவைப்பது. யாராவது தண்ணீரில் மூழ்கி இறந்தாலும் மூடுவார்கள், சிப்பி குறைந்துவிட்டாலும் மூடுவார்கள். வேலியோரம், உங்கள் கேள்விக்கு இதுதான் நல்ல உதாரணம். துக்கமும் கணக்கும் ஒரே பெயரில் இருக்கின்றன, பிரித்தெடுக்க முடியாது.

இடையில் ஒன்று, 'சின்ன மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி' என்பதை எல்லா இடத்திலும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பல இனங்களில் பெரிய பெட்டைமீன் ஒன்று, அதே எடைக்கு வருகிற பல சின்னப் பெட்டைகள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும். இப்போது சில ஆறுகளில் நடுத்தர அளவை மட்டும் எடுத்துக்கொள், சின்னதையும் பெரியதையும் விடு என்று விதி வைப்பது அதனால்தான்.

காட்டுவழி:
வேட்டைக்கும் ஒரு வரி. வடதுருவப் பக்கம் கரிபு மான் வேட்டையாடுகிறவர்கள் இலையுதிர் காலத் தொடக்கத்தில் பெரிய ஆண் மானைத் தேடுவார்கள். அப்போது முதுகில் கொழுப்பு தடிமனாக இருக்கும். இணைசேரும் காலம் முடிந்துவிட்டால் அதே மான் எலும்பும் தோலும்தான், கறியும் வீச்சமடிக்கும். கொழுப்பில்லாத கறியை மட்டுமே வாரக்கணக்கில் தின்றால் வயிறு நிறைந்தும் ஆள் படுத்துவிடுவான், கல்லீரலால் அவ்வளவு புரதத்தைச் சமாளிக்க முடியாது. முயலை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு இது நடந்திருக்கிறது. ஆக அங்கே 'இப்போது வேண்டாம்' என்பது மானைக் காப்பாற்ற மட்டும் இல்லை, தன் வயிற்றையும் காப்பாற்றத்தான்.

மறுபக்கம்:
எல்லாரும் முன்னோருக்கு மாலை போட்டாயிற்றா? நான் கொஞ்சம் கழற்றுகிறேன். அதே மாவோரிகளின் முன்னோர் நியூசிலாந்தில் இறங்கியது 13-ஆம் நூற்றாண்டில். அங்கே மோவா என்ற பறக்காத பறவைகள் 9 இனம் இருந்தன. ஓரிரு நூற்றாண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. முட்டையையும் விடவில்லை. அவர்களை மட்டும் சொல்வானேன், பேரிங் கடலில் ஸ்டெல்லர் கடற்பசு என்ற பெரிய கடல் பாலூட்டியை 1741-இல் ரஷ்ய ஆய்வுப் பயணக்காரர்கள் கண்டார்கள், பின்னால் ரோமத்தோல் வணிகத்துக்காகப் போனவர்கள் 1768-க்குள் தின்றே முடித்தார்கள். ராஹூயி மாதிரி விதிகள் பிறவி ஞானத்தில் வந்தவை அல்ல, ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வந்தவையாக இருக்கலாம்.

இன்னொன்று, விதி இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்க ஆள் வேண்டும். ஹவாயில் ஓபேலு, அக்கு என்ற இரண்டு மீன்களுக்கும் வருடத்தில் மாறி மாறித் தடை இருந்தது. மீறினால் தலை போகலாம். 1819-இல் அரசரே அந்தப் பழைய தடை முறையைக் கைவிட்டார். பின்னால் இருந்த தண்டனையை மறந்துவிட்டு, 'மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்' என்று எழுதுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தூண்டில்முள்:
மறுபக்கம் அண்ணே, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கையைச் சுட்டுக்கொண்டு கற்பதும் அறிவுதானே. சுட்ட பிறகும் கற்காதவர்கள் ஏராளம்.

வேலியோரம்:
எல்லாருக்கும் நன்றி. கிடைக்காரர் ஐயா, கிடாயைத்தான் கழிக்கப்போகிறேன். அறுக்கிற நாளில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? போனமுறை அறுத்தபோது கறி கருத்துப்போய் பிசுபிசு என்று இருந்தது, ஆடு நோயாளி என்று நினைத்துவிட்டோம்.

கிடைக்காரர்:
நோயாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன், துரத்திப் பிடித்தீர்களா? ஆடு மிரண்டு ஓடினால் தசையில் இருக்கிற சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அறுத்த பிறகு அந்தச் சத்துதான் அமிலமாக மாறி, கறியின் பி.எச். அளவை 7-இலிருந்து 5.5 பக்கம் இறக்கும். அது இறங்காவிட்டால் வெட்டின முகம் கருத்து, கத்தியில் ஒட்டும், சீக்கிரம் கெடும். முந்தின சாயங்காலமே தனியாகப் பிரிக்காமல் கூட ஒரு ஆட்டோடு சேர்த்து அமைதியான இடத்தில் கட்டுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் நிறைய வையுங்கள், குடல் கிழியாமல் எடுக்க அது உதவும். அப்புறம் அறுத்த சூட்டோடு ஃப்ரிட்ஜில் திணிக்காதீர்கள், விறைப்பு வருவதற்குள் குளிர் ஏறினால் தசை சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஈ மொய்க்காமல் நிழலில் சில மணி நேரம் தொங்கவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். வெயில் கடுமையாக இருக்கிற நாள் என்றால் இதெல்லாம் சரிப்படாது, அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.