ஃபேம் கப்பலில் எரிந்தது யாருடைய பொருள்?

சிங்கைவள்ளி:
1824 பிப்ரவரி 2. சுமத்ராவின் பெங்கூலனில் துணை ஆளுநராக இருந்த, சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸும் மனைவி சோஃபியாவும் ஃபேம் கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பிய நாள். அன்று ராத்திரியே, மூடாத விளக்கோடு பிராந்தி பீப்பாயைத் திறக்கப் போனவரால் தீப்பிடித்தது. சோஃபியா அப்போதுதான் படுத்திருந்தார். காலில் செருப்புமில்லை, காலுறையுமில்லை. அப்படியே படகில் இறக்கினார்கள். நடுராத்திரியில் கப்பலில் இருந்த வெடியுப்பு தீப்பற்றி எரிவதைப் படகிலிருந்தே பார்த்தார்கள். உயிர்கள் தப்பின, அவர்கள் பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்கு முன்பே சோஃபியா இழந்தது கொஞ்சமா? 1821 ஜூலையிலிருந்து ஏழு மாதத்துக்குள் லியோபோல்ட், ஸ்டாம்ஃபோர்ட், சார்லட் என்று மூன்று பிள்ளைகள். பயந்துபோய் எல்லா (Ella) என்ற மகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு பிறந்த ஃப்ளோரா இரண்டே மாதம்தான் இருந்தாள். எரிந்த பெட்டிகளில் ஒரு பிள்ளையின் சட்டையாவது இருந்திருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. ராஃபிள்ஸைப் பேசுகிற நாம் இந்தத் தாயைப் பேசுவதே இல்லை.

நாகூரார்:
வள்ளி அக்கா, பிள்ளைகளுக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் "அவர்கள் பொருள்" என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா சொன்னதைப் பாருங்கள். மலாக்காவில் பிறந்து தமிழும் படித்தவர், அவருடைய பாட்டன்மார் எங்கள் நாகூர் வழி வந்தவர்கள். சிங்கப்பூரில் ராஃபிள்ஸின் பெட்டிகளைக் கட்டியபோது கூடவே இருந்தவர். கட்டிய மலாய் நூல்கள் மட்டும் சுமார் முந்நூறு என்கிறார். எல்லாம் கையெழுத்துப் படிகள், போனால் வேறெங்கே தேடுவது என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். ராஃபிள்ஸ் தன் நஷ்டத்தை 20,000, 30,000 பவுண்டு என்று கணக்குச் சொல்ல முடிந்தது. மலாய்க்காரர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

கெடா மணியம்:
இன்னும் சொல்லப்போனால் அது கொள்ளைப் பொருள். 1812இல் பிரிட்டிஷார் ஜாவாவின் யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடி எடுத்த சுவடிகள். எரிந்ததற்கு ஆளுநர் மனைவிமேல் என்ன பரிதாபம்?

சிங்கைவள்ளி:
மணியம் அண்ணே, கொள்ளை உண்மை, கப்பல்தான் வேறு. ஜாவாவில் சேர்த்ததை ராஃபிள்ஸ் 1816இலேயே கொண்டுபோய்விட்டார். அதில் நிறைய பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சோஃபியா இறந்த பிறகு 1859இல் போய்ச் சேர்ந்தது. ஃபேமில் எரிந்தது பெரும்பாலும் சுமத்ரா, சிங்கப்பூர் காலத்துச் சேகரிப்பு. வரைபடங்கள், ஓவியங்கள், உயிரோடு ஒரு டேப்பிர்கூட, பன்றி போன்ற காட்டு விலங்கு.

நாகூர் அண்ணனுக்கு ஒன்று. தப்பிய மலாய்ச் சுவடிகளை 1830இல் லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தது சோஃபியாதான். மலாய் அரச வரலாற்றின் முக்கியமான படி ஒன்று அதில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் "ராஃபிள்ஸ் 18" என்பார்கள். அவர் விற்றிருக்கலாமே? 1826இல் கணவர் சாவதற்குச் சில மாதம் முன்புதான் கிழக்கிந்திய கம்பெனி, ராஃபிள்ஸ் தரவேண்டிய பாக்கி என்று 22,000 பவுண்டுக்குமேல் கேட்டது. பேசி முடித்து 10,000 கட்டித் தீர்த்ததும் இந்த விதவைதான்.

கெடா மணியம்:
சரி, கப்பலை மாற்றிச் சொன்னது என் தவறு. ஆனால் லண்டனுக்குக் கொடுத்ததைத் தானம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாகூரார்:
நானும் சொல்ல மாட்டேன். அந்தச் சுவடி ராஃபிள்ஸ் பெயரில் இருக்கிறது, எழுதியவன் பெயரில் இல்லை. அக்கா, சோஃபியாவுக்காக அழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவரைப் பற்றி எழுதும்போது, பெட்டி கட்டி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நின்ற அப்துல்லாவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சிங்கைவள்ளி:
எழுதுகிறேன் அண்ணே. அந்த முந்நூறும் வரும். ஆனால் அந்த வெறுங்காலை நான் எடுக்க மாட்டேன்.