கடைசித் தாள் இல்லாத தேவதாஸ்

வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் தேவதாஸ் நாவலை முதலில் படித்தது தெருமுனை லெண்டிங் லைப்ரரிப் பிரதியில். ஊசிநூல் போட்டுத் தைத்த அட்டை, உள்ளே யாரோ எழுதிய வீட்டுக் கணக்கு. கடைசித் தாள்களைக் காணோம். தேவதாஸ், தன் சிறுவயதுக் காதலி பார்வதி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போக வேண்டும் என்று மாட்டுவண்டியில் படுத்துக் கிடப்பான்; அத்தோடு கதை நின்றுவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். "செத்துப் போவான்டி, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு 'உலகே மாயம்' முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு தேவதாஸ் என்றால் 1953இல் வந்த நாகேஸ்வர ராவ் – சாவித்திரி படம்தான், அதைவிட கண்டசாலா குரல்தான். நாவல் 1917இல் வங்காளத்தில் வந்தது என்றால் நம்பவே மாட்டாள்.

2002இல் சஞ்சய் லீலா பன்சாலியின் இந்தி தேவதாஸ் படத்துக்குப் போனேன். வாசலில் சாகக் கிடக்கும் தேவதாஸைப் பார்க்க, பார்வதியாக வரும் ஐஸ்வர்யா ராய் புடவைத் தலைப்பு தரையில் புரள ஓடிவர, பெரிய கதவு மூடிக்கொள்ளும். அரங்கே மூக்கை உறிஞ்சியது, நானும்தான். பிறகு பிமல் ராய் எடுத்த 1955 இந்தி தேவதாஸைப் பார்த்தால் அதிலும் கதவு சாத்துகிறார்கள். சரி, கிழிந்த தாளில் இதுதான் இருந்திருக்கிறது என்று வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம்தான் முழுப் புத்தகம் கிடைத்தது. வீட்டெதிரே அரச மரத்தடியில் சாகிறவன் தேவதாஸ் என்று பார்வதிக்குத் தெரியவே தெரியாது! பிணத்தைத் தூக்கிப் போனபிறகுதான் செத்தது யாரென்று காதில் விழுகிறது. ஓடுகிறாள், பிடித்து நிறுத்துகிறார்கள். பிராமணப் பிணம் என்றும் பார்க்காமல் ஊரார் தொடவில்லை, பாதிதான் எரிந்தது. படத்தில் அழுத நான் இங்கே அழவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. குளத்தங்கரையில் அவள் நெற்றியில் தழும்பு விழ அடிப்பானே, நாவலில் அது தூண்டில் கோல். பன்சாலி கையில் முத்துமாலையாகிவிட்டது. பார்வதியும், தேவதாஸை நேசிக்கும் தாசி சந்திரமுகியும் சேர்ந்து ஆடுவதெல்லாம் நாவலில் கிடையவே கிடையாது. ஆட்டம் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாலையால் அடிபட்டவளைப் பார்த்து எனக்கு வலிக்கவில்லை.

கடைசிப் பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூண்டு உரித்தபடியே கேட்டாள். முடித்ததும், "அவ்வளவு தூரம் அவனை இழுத்துக்கிட்டு வந்தானே வண்டிக்காரன், அவனுக்கு யாராவது ஒரு வாய் சோறு போட்டாங்களாடி?" என்றாள்.