டிராஃப்டில் பட்டியல் போட்டும் முன்பின் தெரியாத ஆட்கள் வந்துவிட்டார்கள், ஏன்?

கடைசிநொடி:
நான் ஆடுவது இணையத்தில் கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் விளையாட்டு. அதன் டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதில், எங்கள் லீக்கில் 16 அணிகள், 3 சுற்று, மொத்தம் 48 இளம் வீரர்கள். ஒவ்வொரு சுற்றிலும் என் முறை 11-வது. சீசன் முழுக்கச் சேர்த்த 20 ஸ்கவுட்டிங் (வீரர்களை முன்கூட்டியே நோட்டமிடும்) புள்ளிகளை 10 பேருக்கு ஆளுக்கு இரண்டாகச் செலவழித்தேன். முதல் புள்ளிக்கு இப்போதைய ஆட்டத்திறன் தெரியும், இரண்டாவதற்கு வளர்ச்சி வரம்பு. அந்த 10 பேரை வரிசைப்படுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முதல் சுற்றில் என் பட்டியலின் 6-வது ஆள் வந்திருக்கிறார், சரி. மற்ற இருவரை நான் பார்த்ததே இல்லை! அதில் ஒருவருக்கு வயது 19, உயரம் 218 செ.மீ., பந்தைப் பிடிக்கவே வரவில்லை. பட்டியல் பதிவாகவில்லையா?

பலகைக்கடியில்:
பதிவாகியிருக்கிறது. உங்கள் முறைகள் 11, 27, 43. 43-வதாக நீங்கள் எடுக்கும்போது 42 பேர் போயிருப்பார்கள். அவ்வளவு நேரம் உங்கள் பத்துப் பேரில் ஒருவர் மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். பட்டியல் தீர்ந்ததும் கணினி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை 43 பேரையாவது வரிசைப்படுத்துங்கள். அதாவது, வேண்டவே வேண்டாத 5 பேரை அடியில் தள்ளினால் வேலை முடிந்தது.

மூன்றாம்சுற்று:
அதைவிட, புள்ளிகளைச் செலவழித்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது. முதல் புள்ளியிலேயே தேறாதவருக்கு இரண்டாவது எதற்கு? 14 பேருக்கு ஒவ்வொன்று, அதில் நன்றாகத் தெரிந்த 6 பேருக்கு மட்டும் இன்னொன்று. அதே 20தான். வயது இலவசமாகவே தெரிவதால் 18 வயதுக்காரர்களிடம் தொடங்குங்கள். ஒரு வருடப் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கும், சின்ன வயதில் திறன் வேகமாகவும் ஏறும்.

கடைசிநொடி:
அப்படியானால் வரம்பு அதிகமுள்ளவரை முதலில் போட்டுவிடலாமா?

பலகைக்கடியில்:
நீங்கள் எந்த இடத்தில் ஆடுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள்? கார்டுகளுக்கு (கூடைக்கு வெளியே பந்தைக் கையாள்பவர்கள்) என்றால், எவ்வளவு பெரிய வரம்புள்ள சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) வந்தாலும் பெஞ்சில் வயதாகிப் போவார். அவரை விற்கத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாம்சுற்று:
ஆமாம். ரொம்பவும் நொந்துகொள்ளாதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தேடும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிகளே 2013-ல் ஆந்தனி பென்னட்டை முதலாவதாக எடுத்தன, பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் 15-வதாகப் போனார். அடுத்த வருடம் அதேபோல் நட்சத்திரமான யோகிச் 41-வது.

கடைசிநொடி:
சரி, இந்த 218 செ.மீ. ஆளை என்ன செய்வது? நீக்கிவிடட்டுமா?

பலகைக்கடியில்:
பொறுங்கள். இப்போது அவர் உங்கள் அணி, வரம்பு இலவசமாகத் தெரியும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உயரமானவர்களுக்கு ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), பிளாக் (எறியும் பந்தைத் தடுப்பது) எல்லாம் சீக்கிரம் ஏறும், அதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு.

கடைசிநொடி:
பார்த்தேன். வரம்பு அடியிலிருந்து இரண்டாவது படி. நீக்கியாயிற்று.