குழுச் செய்தியை எப்போது அழித்தீர்கள், எப்போது பொறுத்தீர்கள்? குழு நிர்வாகிகள் அனுபவம் சொல்லுங்கள்

தண்ணீர்ப்பந்தல் அக்கா, பினாங்கு:

வணக்கம். எங்கள் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை 2014 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜாலான் உத்தாமா ஓரத்தில் பந்தல். தொடங்கியபோது நாற்பது பேர், இப்போது 180 பேர். இத்தனை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் இரண்டு இன்னும் மனசை அறுக்கின்றன. ஒன்றில் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தேன். இன்னொன்றில் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தேன்.

முதலாவது 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பெருவெள்ளம் வந்த நாள், பினாங்குக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். மதியம் பிடித்த மழை விடவில்லை, இரவில் காற்றும் சேர்ந்தது. எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. குழுவில் யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி வாக்கில் ஒரு குரல் பதிவு வந்தது. "அணை உடைஞ்சிருச்சு, எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க." அனுப்பியவர் பந்தலின் மூத்த ஐயா. பேசியது அவர் இல்லை, யாரோ அனுப்பியதை அவர் எங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் ஐயா அனுப்பியதை 'உறுதியாகத் தெரியாது' என்று எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது? அவரைத் தனியாக அழைத்தேன், எடுக்கவில்லை. அப்போதெல்லாம் அடுத்தவர் செய்தியை நிர்வாகி அழிக்க வழியே கிடையாது. அனுப்பியவரே ஏழு நிமிடத்துக்குள் அழித்தால்தான் உண்டு. அவர் எடுப்பார், எடுப்பார் என்று நாற்பது நிமிடம் போய்விட்டது.

அந்த நாற்பது நிமிடத்தில் ஜெலுத்தோங்கில் ஒரு குடும்பம், மாடியில் பத்திரமாக இருந்த பாட்டியைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கித் தெருவுக்குக் கூட்டிவந்துவிட்டது. முழங்கால் தண்ணீர். கால்வாய் மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாத இருட்டு. பாட்டி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அணை எதுவும் உடையவில்லை.

"இது உறுதியாகவில்லை. மாடியில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். ஆபத்து என்றால் 999." இந்த மூன்று வரியை ஐயாவின் பெயரைச் சொல்லாமலேயே போட்டிருக்கலாம். அவர் மரியாதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குப் பிறகு, ஒரு செய்தியால் அடுத்த அரை மணி நேரத்தில் யாருக்காவது அடிபடுமா, யார் மானமாவது போகுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆம் என்று தோன்றினால் அனுப்பியவர் யார் என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது 2023 ஜனவரி. பந்தலில் சினிமாப் பாட்டு போடலாமா, பக்திப் பாட்டு மட்டும்தானா என்ற சண்டை. பினாங்கில் இது வருடா வருடம் வரும். ஒரு தம்பி எழுதினார்: "பாட்டுன்னா மட்டும் பண்பாடு பேசுறீங்க. போன வருஷ நன்கொடைக் கணக்க யாரு பாத்தா?" சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்தவர் செய்தியை நிர்வாகி அழிக்கும் வசதி 2022-இல் வந்திருந்தது. உடனே அழித்தேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "பெரியவர்களிடம் பேசும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி" என்று கீழே ஒரு வரியும் போட்டேன்.

அவர் வெளியேறினார். விடிவதற்குள் இன்னும் ஒன்பது பேர் போய்விட்டார்கள். பனிக்கட்டி மூட்டையும் தண்ணீர்ப் பீப்பாயும் தூக்குகிற பையன்கள் அவர்கள்தான். அந்தத் தைப்பூசத்துக்கு நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பீப்பாய் உருட்டினார்கள். மோர் கேட்டு நின்ற காவடிக்காரர்களிடம் 'இருங்கப்பா, பனிக்கட்டி வருது' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அவர் வேலை செய்யும் டயர் கடைக்கு நேரில் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி எடுத்துப் போட்டார். கோபம் எதுவும் காட்டவில்லை. "அக்கா, நான் கேட்டது தப்பா, கேட்ட விதம் தப்பா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் கேட்டது தப்பே இல்லை. கணக்கை நாங்கள் யாருக்கும் காட்டியதில்லை. திருடியதால் இல்லை, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்ட ஒருவரின் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

செந்தூல் அண்ணன், கோலாலம்பூர்:

அக்கா, அந்தத் தம்பியின் கேள்வியை நானும் எடுத்துவைத்துக்கொள்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குழு வேறு மாதிரி. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருக்கிறோம். செயலாளர் என்பதால் நிர்வாகிப் பொறுப்பும் என் தலையில்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் சைக்கிள் காணாமல் போனது. மறைகாணி (சிசிடிவி) படத்திலிருந்து ஓர் உணவு விநியோகத் தம்பியின் முகத்தை வெட்டி எடுத்து, 'இவன்தான் திருடன், எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்' என்று ஒருவர் போட்டுவிட்டார். மோட்டார் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. நான் முதலில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். அழித்துவிட்டால் நாளைக்கு யார் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்காது. பிறகு அழித்தேன், போட்டவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "படத்தைக் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போங்கள், நானும் வருகிறேன்" என்றேன். போனோம். மறுநாள் தெரிந்தது, அந்தத் தம்பி பி புளோக்கில் சாப்பாடு கொடுக்க வந்தவர், சைக்கிளைத் தொடவே இல்லை.

இங்கே இன்னொரு தப்பு செய்தேன். அழித்தாயிற்று, முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதற்குள் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள் அல்லவா? இரண்டு வாரம் கழித்து அதே தம்பி வந்தபோது காவலாளி வாசலிலேயே நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் குழுவில் எழுதினேன்: "அன்று பகிரப்பட்ட படத்தில் இருப்பவர் திருடர் அல்ல." பொய் எந்த இடத்தில் பரவியதோ அந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும். வெறுமனே அழித்தால் பார்த்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. மலேசியாவின் 1950 சான்றுச் சட்டத்தில் 114ஏ என்றொரு பிரிவு 2012-இல் நடப்புக்கு வந்தது. உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று ஒருவர் பெயர் இருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை அவரே வெளியிட்டதாக அனுமானிக்கப்படும் என்கிறது. 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. நீதித்துறையைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, நிறுவனத்தின்மீது நீதிமன்ற அவமதிப்பு. தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள், அது போதவில்லை. நம் குழு செய்தி நிறுவனம் இல்லைதான். ஆனாலும் இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றில் எதையாவது இழிவாகப் பேசும் பதிவு வந்தால் நான் காத்திருப்பதில்லை. படமெடுத்து, அழித்து, அழைத்துப் பேசிவிடுவேன்.

பயத்தில் எல்லாவற்றையும் அழிக்கிற நிர்வாகிகளும் இருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டால்கூட அழிப்பவர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

செத்தாப்பாக் அம்மா:

நான் பெற்றோர் குழு ஒன்றில் துணை நிர்வாகி. இரவு பத்து மணிக்கு மேல் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுவோம். 2018-இல் வந்த வசதி, எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு ஒரு தாய், 'இன்னிக்கு எனக்கு எதுவும் முடியல, பிள்ளைய யாராவது நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று எழுதினார். இன்னொரு நிர்வாகி, 'பள்ளிச் செய்தி மட்டும்' என்ற விதியைக் காட்டி அதை அழித்துவிட்டார். எனக்கு அந்த 'எதுவும் முடியல' உறுத்தியது. அழைத்தேன். அழுதுகொண்டிருந்தார். கணவர் வேலை போய் நான்கு மாதமாம். பக்கத்து பிளாட்தான், போய் உட்கார்ந்தேன். மறுநாள் பிள்ளையை நான் கூட்டிப்போனேன். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண்ணையும் கொடுத்தேன், பிறகு பேசியதாகச் சொன்னார்.

தலைப்புக்கு வெளியே போகிற செய்தியைப் பார்த்தால், இப்போது அழிக்கும் முன் எழுதியவரை அழைக்கிறோம்.

செந்தூல் அண்ணன்:

அக்கா, டயர் கடைத் தம்பி திரும்ப வந்தாரா?

தண்ணீர்ப்பந்தல் அக்கா:

வந்தார் அண்ணே. உடனே இல்லை. அந்த ஏப்ரலிலேயே கணக்கு நோட்டின் பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன், பனிக்கட்டிக்கு எவ்வளவு, மோருக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று. அவரைச் சாடி எழுதிய வரிக்குக் குழுவிலேயே மன்னிப்பும் கேட்டேன். தனியாகக் கேட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். திட்டியது எல்லார் முன்னாலும்தானே?

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தின இரவு, கூப்பிடாமலே இரண்டு பையன்களோடு பந்தலுக்கு வந்து பீப்பாயைத் தோளில் ஏற்றினார். இப்போது அவரும் நிர்வாகி. கோபமான செய்தி வந்தால் நான் அவரைக் கேட்காமல் அழிப்பதில்லை, அவர் என்னைக் கேட்காமல் அழிப்பதில்லை. போன மாதம் நடு இரவில் அழைத்து, "அக்கா, இது வெறும் கோபம்தான், விட்டுருவோம்" என்றார். விட்டுவிட்டோம். காலையில், இரவு குழுவில் சண்டை போட்ட அந்த இருவரும் பந்தல் கூரைக்குத் தகரம் வாங்கும் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.